எங்கே வலிக்கிறது? சொல்லத் தெரியுமா நமக்கு?

நாலு வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மாதத்து மழை ராத்திரி. மணி இரண்டு இருக்கும். பகலெல்லாம் குச்சிக்கிழங்குக் காட்டில் நின்றுவிட்டு வந்து படுத்திருந்த என் மாமியார் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "புள்ள, நெஞ்சைக் கரிக்குது. வாயுவாட்டம் இருக்குது. கொஞ்சம் ஓமத்தண்ணி வெச்சுக் குடு" என்றார்.

ஓமத்தண்ணி கொடுத்தேன். கேட்கவில்லை. பெருங்காயத்தை மோரில் கரைத்துக் கொடுத்தேன். கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் போட்டேன். விடிகிற வரைக்கும் இதுதான். காலையில் பக்கத்து ஊர் டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

"எங்கம்மா வலிக்குது?" என்று டாக்டர் கேட்டார்.

அத்தை உள்ளங்கையை விரித்துத் தொண்டையில் வைத்தார். அப்படியே தொப்புள் வரைக்கும் தடவி இறக்கினார். "இங்கத்தானுங்க" என்றார்.

"நெஞ்சா, வயிறா?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு சொன்னேன், "வயிறுங்க. வாயுத் தொந்தரவு அவங்களுக்கு எப்பவும் உண்டு."

வயிற்றுக்கு மருந்து கிடைத்தது. வீட்டுக்கு வந்துவிட்டோம். சாயங்காலம் அத்தைக்கு வேர்த்து ஊற்ற ஆரம்பித்ததும் பயந்துபோய் சேலத்துக்குக் கொண்டுபோனோம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "மாரடைப்பு வந்து பல மணி நேரம் ஆயிடுச்சு. ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்று கேட்டார்கள்.

கடவுள் புண்ணியம், உயிர் பிழைத்தார். ஆனால் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன இதயத் தசை திரும்ப முளைக்காதாம். ரெண்டு குடம் தண்ணீரை ஒரே நடையில் தூக்கி வந்தவருக்கு இன்றைக்குத் திண்ணைப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. நான் சொன்ன 'வயிறு' என்கிற ஒரே ஒரு வார்த்தையில் ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அதற்கு அடுத்த வருஷம் என் மகள் நர்சிங் படிக்கப் போனாள். லீவுக்கு வரும்போதெல்லாம் அவள் சத்தம் போட்டுப் படிப்பாள். அரிசி புடைத்துக்கொண்டே, பூண்டு உரித்துக்கொண்டே நான் கேட்பேன். "அதென்னடி? இதுக்கு என்ன அர்த்தம்?" என்று தொணதொணப்பேன். அப்படிக் காதில் விழுந்ததைத்தான் கெங்கவல்லியில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டருக்கு முன்னால் வாயடைத்து நின்ற ஒருத்தி.

வீட்டுத் தமிழ் போடும் முடிச்சு

நம் பேச்சுத் தமிழில் நாலைந்து வார்த்தைகள் ரொம்பவே குழப்புகின்றன.

முதல் வார்த்தை 'வயிறு'. சோறு போவதும் வயிறு, குழந்தை வளர்வதும் வயிறு! சாப்பாடு போய்ச் சேர்வது இரைப்பை. குழந்தை வளர்வது கருப்பை. இரண்டும் தனித்தனிப் பை. ஒன்றுக்குள் இருப்பது மற்றொன்றுக்குள் போகவே போகாது. எதிர்வீட்டுப் பெண் ஆறு மாதக் கர்ப்பிணி. "நிறையச் சாப்பிட்டா குழந்தைக்கு இடம் பத்தாதாமே அக்கா?" என்று பாதி வயிறாகக் கிடந்தாள். இந்த ஒரு விஷயம் புரிந்த பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

இரண்டாவது, 'நரம்பு'. "கையில நரம்பு கிடைக்கல, நாலு இடத்துல குத்திட்டாங்க" என்கிறோம். உண்மையில் அது நரம்பு இல்லை, சிரை. அழுக்கு ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் குழாய். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே தள்ளிக்கொண்டு போவது தமனி. மணிக்கட்டில் துடிக்கிறதே, அது தமனி. இவை இரண்டும் குழாய்கள். நரம்பு என்பது மூளைக்கும் உடம்புக்கும் நடுவே சேதி கொண்டுபோகும் கம்பி மாதிரி. காலில் புடைத்துச் சுருண்டு தெரிவதும் சிரைதான். "நரம்புக் கோளாறு" என்று சொல்லிக்கொண்டு போனால் டாக்டர் வேறு எதையோ தேடுவார்.

மூன்றாவது, 'ஈரல்'. நம்மிடம் மூன்று ஈரல் இருக்கிறது. மூச்சு விடுவது நுரையீரல். வலது விலாவுக்கு அடியில் இருப்பது கல்லீரல். இடது விலாவுக்கு அடியில் ஒளிந்திருப்பது மண்ணீரல். கறிக்கடையில் 'சுவரொட்டி' என்று கேட்டு வாங்கி, ரத்தம் ஊறும் என்று பிள்ளைகளுக்குச் சுட்டுக் கொடுக்கிறோமே, அது ஆட்டின் மண்ணீரல்தான். ஆட்டுக் குடலை அலசி, நுரையீரலைக் கழுவி, ஈரலை நறுக்கத் தெரிந்த நமக்கு நம் உடம்பில் அவை எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் போனது வேடிக்கைதான்!

நாலாவது, என்னை ஏமாற்றிய 'நெஞ்சு'. தொண்டைக்குக் கீழே எது நடந்தாலும் நெஞ்சுதான் நமக்கு. உணவுக்குழாய், நுரையீரல், இதயம், விலா எலும்பு எல்லாம் அந்த ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிடுகின்றன.

ரெண்டு பாடம், ஒரே உடம்பு

மகளின் முதல் வருஷப் பாடத்தில் ரெண்டு பெயர்கள். அனாடமி, பிசியாலஜி. தமிழில் உடற்கூறியல், உடலியங்கியல். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வீட்டில் ஒரு மிக்ஸி வாங்குகிறோம். ஜார் எங்கே, பிளேடு எங்கே, எது எதோடு பொருந்துகிறது என்று பார்ப்பது முதலாவது. ஸ்விட்சைப் போட்டதும் அது எப்படி அரைக்கிறது என்று பார்ப்பது இரண்டாவது. ஒன்று அமைப்பு, மற்றது வேலை. இதயத்துக்கு நாலு அறை என்பது அமைப்பு. அது நிமிஷத்துக்கு எழுபது தடவை போலத் துடித்து ரத்தத்தைத் தள்ளுவது வேலை.

"இதையெல்லாம் தமிழில் சொல்ல முடியாது" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு நான் யாழ்ப்பாணத்து டாக்டர் கிறீன் கதையைச் சொல்வேன். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் 1847ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். உள்ளூர் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். புத்தகம் இல்லையே என்று சும்மா இருக்கவில்லை; தம் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு இங்கிலீஷ் நூல்களைத் தமிழாக்கினார். பிள்ளைப்பேறு பற்றிய 'பிரசவ வைத்தியம்' 1857ல் வந்தது. 'மனுஷ அங்காதிபாதம்' 1872ல் வந்தது. 'மனுஷ சுகரணம்' 1883ல் வந்தது. அங்காதிபாதம் என்றால் அவர் பாஷையில் உடற்கூறு. சுகரணம் என்றால் உடலின் இயக்கம். 1884ல் அமெரிக்காவில் காலமானபோது, தமிழர்களுக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்றே கல்லறையில் பொறிக்கச் செய்தாராம். அவர் பெயரில் மானிப்பாய் ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது. அயல்நாட்டுக்காரர் ஒருவர் நம் மொழியைக் கற்று நம் உடம்பின் பெயர்களை அதில் எழுதிவைத்தார். நாமோ சொல்ல வெட்கப்படுகிறோம்!

வயிற்றில் ஒன்பது கட்டம்

இனி உபயோகமான விஷயத்துக்கு வருகிறேன். உடம்பின் எந்த இடத்தைப் பற்றிச் சொல்லவும் டாக்டர்கள் ஒரு பொது நிலையை வைத்திருக்கிறார்கள். நேராக நின்று, முகம் முன்னே பார்த்து, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, உள்ளங்கையை முன்னால் திருப்பி நிற்பது. நாம் படுத்திருந்தாலும் குனிந்திருந்தாலும் கணக்கு இந்த நிலைக்குத்தான். வலது, இடது என்பதெல்லாம் நோயாளியின் வலது, இடது. எதிரில் நிற்கிறவருடையது அல்ல. பிள்ளையின் வயிற்றைக் காட்டும்போது இதில்தான் நாம் தடுமாறுவோம்.

வயிற்றை அவர்கள் ஒன்பது கட்டமாகப் பிரிக்கிறார்கள். இரண்டு காறை எலும்புகளின் நடுவிலிருந்து நேர் கீழே இரண்டு கோடு. விலா முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு. இடுப்பெலும்பு மட்டத்தில் குறுக்கே இன்னொரு கோடு. அஞ்சறைப் பெட்டியில் கரண்ட் போன நேரத்திலும் கடுகு எங்கே, சீரகம் எங்கே என்று கை தானே போகிறதல்லவா? அதே மாதிரி இதையும் பழகிக்கொள்ளலாம்.

மேல் வரிசையில் வலது கட்டம்: கல்லீரல், பித்தப்பை. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டபின் இங்கே வலித்து வலது தோள்பட்டை வரை போனால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். மேல் வரிசை நடு: இரைப்பையின் பெரும்பகுதி. மேல் இடது: இரைப்பையின் மிச்சமும் மண்ணீரலும். நடு வரிசையின் நடுவில் தொப்புள். அதைச் சுற்றிச் சிறுகுடல். இடுப்பின் இரு பக்கமும் பின்னால் சிறுநீரகங்கள். அங்கிருந்து கிளம்பித் தொடை இடுக்கு வரை இறங்குகிற வலி பெரும்பாலும் சிறுநீரகக் கல். கீழ் வரிசை வலது: குடல்வால். குடல்வால் வீக்கத்தில் வலி முதலில் தொப்புளைச் சுற்றி வரும், சில மணி நேரம் கழித்துக் கீழே வலது பக்கம் போய் உட்காரும். "நேத்து தொப்புள்கிட்ட வலிச்சுது, இன்னிக்கு வலது அடிவயித்துல" என்று பிள்ளை சொன்னால், வாயு, மசக்கை என்று எண்ணெய் தடவி உருவிக்கொண்டிருக்காதீர்கள். உடனே கூட்டிப்போங்கள். கீழ் வரிசை நடு: முன்னால் சிறுநீர்ப்பை, அதற்குப் பின்னால் கருப்பை, அதற்கும் பின்னால் மலக்குடல்.

மேல் நடுக் கட்டத்தில்தான் நான் தோற்றுப்போனேன். நெஞ்சுக்கூட்டையும் வயிற்றையும் உதரவிதானம் என்கிற மெல்லிய தசைப்படலம் பிரிக்கிறது. அதற்கு மேலே இதயம், கீழே இரைப்பை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு குடித்தனம்! போதாக்குறைக்கு, இதயத்தின் வலிச் சேதியைக் கொண்டுபோகும் நரம்புகளும் கை, தோள், மேல்வயிறு இவற்றின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன. எங்கிருந்து சேதி வந்தது என்று மூளையே குழம்பிவிடுகிறது. அதனால்தான் இதயம் நோகும்போது தாடை வலிக்கும், இடது கை வலிக்கும், முதுகு வலிக்கும், மேல்வயிறு எரியும். பெண்களுக்கு நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல் மூச்சுத்திணறல், வாந்தி, அசதி, வியர்வை என்றும் வரலாமாம். வாயு என்று நாம் உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

நூல், துணி, புடவை

உடம்பின் கட்டுமானத்தை என் மகள் எனக்குத் தறியை வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். சேலம் ஜில்லாக்காரிக்கு அதைவிட எளிதாக எதைச் சொல்வது!

மிகச் சின்ன உயிர் அலகு செல். நூல் இழை மாதிரி. ஒரே மாதிரி செல்கள் சேர்ந்தால் திசு. அது துணி. இது வெறும் உவமை இல்லை. 'திசு' என்கிற சொல்லே நெய்தது என்ற பொருளுள்ள பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்தது. பிஷா என்ற பிரெஞ்சு டாக்டர் 1800 வாக்கில், உறுப்புகள் எல்லாம் சில வகைத் திசுக்களால் ஆனவை என்று காட்டினார். இன்று அதை நாலு வகையாகச் சொல்கிறார்கள். மேலே போர்த்தும் திசு, இணைக்கும் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. எலும்பும் ரத்தமும்கூட இணைக்கும் வகையில்தான் சேர்த்தி.

பலவகைத் துணியைச் சேர்த்துத் தைத்தால் ரவிக்கை ஆவது போல, பலவகைத் திசு சேர்ந்து ஓர் உறுப்பு. இரைப்பை ஓர் உறுப்பு. வாய், உணவுக்குழாய், இரைப்பை, குடல், கல்லீரல் எல்லாம் சேர்ந்து ஒரே வேலை பார்த்தால் அது மண்டலம். இங்கே ஜீரண மண்டலம். தோல், எலும்பு, தசை, நரம்பு, நாளமில்லாச் சுரப்பி, ரத்த ஓட்டம், நிணநீர், சுவாசம், ஜீரணம், சிறுநீர், இனப்பெருக்கம் என்று பதினொரு மண்டலம். பதினொன்றும் ஒரே வீட்டில் கூட்டுக் குடித்தனம்.

தொட்டியில் மிதக்கும் பந்து

உடலியங்கியலில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'சமநிலை' என்கிற விஷயம். மாடித் தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் நிறைந்ததும் மேலே வந்து குழாயை அடைக்கும். குறைந்தால் இறங்கித் திறந்துவிடும். உடம்பும் இப்படித்தான். வெயிலில் சூடேறினால் வேர்த்துக் குளிரவைக்கிறது. குளிரில் நடுங்கவைத்துச் சூடாக்குகிறது. எப்படியாவது 37 டிகிரி, அதாவது 98.6 ஃபாரன்ஹீட் அளவில் நிறுத்தப் பார்க்கிறது. கிருமி நுழைந்தால் மூளையே அந்த அளவை ஏற்றி வைக்கிறது. அதுதான் காய்ச்சல். உடம்பு கொதிக்கும்போதே குளிர் நடுக்குவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

சில வேலைகளில் மிதவை கிடையாது. ஒன்று மற்றொன்றை ஏற்றிக்கொண்டே போகும். பிரசவ வலி அப்படி. குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்த அழுத்த, ஆக்ஸிடோசின் என்கிற ஹார்மோன் சுரக்கிறது. அது கருப்பையை இன்னும் இறுக்குகிறது. குழந்தை பிறந்ததும் நிற்கிறது. தாய்ப்பாலும் ஓரளவு அப்படியே. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும். "பால் பத்தல" என்று புட்டிப்பாலுக்குத் தாவினால், உறிஞ்சுவது குறைந்து பாலும் குறையும். பிள்ளை பெற்ற பெண்களே, இதை நினைவில் வையுங்கள்.

சின்னக் குழந்தைக்காரிகளுக்கு

பெரியவர்களுக்கு எலும்பு 206. பிறந்த குழந்தைக்கு அதைவிட அதிகம். வளர வளரச் சில ஒன்றாகச் சேர்ந்துவிடும். மண்டை ஓடும் துண்டு துண்டாகத்தான் இருக்கும். நடுவில் மெத்தென்று துடிக்கும் இடம் உச்சிக்குழி. ஏறத்தாழ ஒன்றரை வயசுக்குள் மூடிக்கொள்ளும். அதை எண்ணெய் வைத்து அழுத்தி மூடவேண்டியதில்லை. பேதியாகும் குழந்தைக்கு அது பள்ளமாக அமுங்கினால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். குடல் ஏறிவிட்டது, தொக்கம் விழுந்தது என்று தட்டவும் ஊதவும் கொண்டுபோகாமல், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அழாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு உச்சி உப்பி விறைத்திருந்தாலும் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது.

சளி என்றால் மூச்சை எண்ணுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரம் வைத்து ஒரு முழு நிமிஷம். இரண்டு மாதத்துக்குள் 60க்கு மேல், ஒரு வயசுக்குள் 50க்கு மேல், ஐந்து வயசுக்குள் 40க்கு மேல் போனால் அது வெறும் சளி இல்லை. நிமோனியாவாக இருக்கலாம்.

சொல்லக் கூசும் இடம்

எங்கள் தெருவில் ஒரு பாட்டி, பதினோரு வருஷம் ஓர் அவஸ்தையை மூடி வைத்திருந்தார். உட்கார்ந்தால், தும்மினால், பாரம் தூக்கினால் கீழே ஏதோ சரிந்து வரும். "அடி இறங்குது, இதை யார்கிட்டச் சொல்றது?" என்று என் மாமியாரிடம் அழுதபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குக் கருப்பை இறக்கம் என்று பெயர் இருக்கிறது. பெயர் இருக்கிற நோய்க்கு வைத்தியமும் இருக்கிறது. பயிற்சி, உள்ளே வைக்கும் வளையம், தேவைப்பட்டால் ஆபரேஷன்.

கருப்பை, கர்ப்பம் இல்லாதபோது ஒரு கொய்யாக்காய் அளவுதான். ஏழரை சென்டிமீட்டர் நீளம். பிரசவ சமயத்தில் விலாவைத் தொடும் அளவு வளர்ந்து, ஆறு வாரத்தில் பழையபடி சுருங்குகிறது. சிறுநீர் வரும் வழி ஒன்று, மாதவிலக்கும் குழந்தையும் வரும் வழி ஒன்று, மலம் வரும் வழி ஒன்று, ஆக மூன்று. முன்னிரண்டும் ஒன்றே என்று நினைக்கும் பெண்கள் நம்மில் எத்தனையோ பேர். நானும் அப்படித்தான் இருந்தேன். பெண்ணின் சிறுநீர்த் தாரை நாலு சென்டிமீட்டர்தான் இருக்கும். அதனால் கிருமி சுலபமாக ஏறிவிடும். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவப் பெண் குழந்தைக்குச் சின்ன வயசிலேயே பழக்குங்கள். பெயரையும் கூசாமல் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரிந்த குழந்தைதான், யாராவது தவறாகத் தொட்டாலும் வந்து சொல்லும்.

டாக்டரிடம் சொல்ல ஆறு விஷயம்

எங்கே? விரலால் காட்டுங்கள்.
எப்போதிலிருந்து?
எப்படி? குத்தலா, எரிச்சலா, பிசைகிறதா, அழுத்துகிறதா?
எங்காவது பரவுகிறதா?
எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது?
கூடவே வாந்தி, வேர்வை, காய்ச்சல், மூச்சுத்திணறல் உண்டா?

நோயின் பெயரை நாம் சொல்ல வேண்டாம். அது டாக்டர் வேலை. 'வாயு', 'சூடு', 'பித்தம்' என்று தீர்ப்புச் சொல்லாமல், கண்டதைச் சொன்னால் போதும்.

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "ராத்திரி ரெண்டு மணியிலிருந்து நடுநெஞ்சில் அழுத்தறாப்பல இருக்குதுங்க. மேல்வயிறு வரைக்கும் எரியுது, தாடைக்கும் பரவுது. ஓமத்தண்ணிக்குக் கேக்கல." தாடை வலியையும் அத்தை அன்றைக்கு என்னிடம் சொல்லியிருந்தார். பல்வலி என்று நினைத்து விட்டுவிட்டேன். இந்த மாதிரி அறிகுறி இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

போன மாசம் அத்தையைச் செக்கப்புக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் வழக்கம்போல, "எங்கம்மா பண்ணுது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை ஒற்றை விரலை நீட்டி, விலாவுக்குக் கீழே, நடுவில் வைத்தார்.

"இந்த எடத்துலீங்க. சாப்பிட்டப்புறம் எரியுது. தாடைக்குப் போகல, வேர்க்கல, மூச்சும் வாங்கல. இது வயிறுதானுங்களே?"

டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இந்தத் தடவை அது நிஜமாகவே வயிறுதான்.

வெளியே வந்ததும் அத்தை பேத்தியிடம் போனில் சொல்கிறார், "அப்பாயி கரெக்டா சொன்னேன் கண்ணு!"